பெரிய இடத்துத் திமிர்: ஒரு மேட்டிமைப் பாத்திரத்தைப் பேச்சிலும் உடம்பிலும் கொண்டுவருவது எப்படி?

“நான் யார்னு தெரியுமா?” என்ற வசனம் உங்கள் கதையிலோ நாடகத்திலோ இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டிவிடுங்கள். உண்மையிலேயே பெரிய இடத்து ஆள் அப்படிக் கேட்க மாட்டார். தன்னை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது, சந்தேகம் இல்லாதவருக்குக் கேள்வி எதற்கு? கேட்கிற அந்தக் கணமே ஆள் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறார்.

கதை எழுதுபவர்கள், குறும்படத்துக்கு வசனம் எழுதுபவர்கள், மேடையில் நடிப்பவர்கள் எல்லோரும் இந்தப் பாத்திரத்தில் சறுக்குவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். பணத்தைக் காட்டுகிறார்கள், மேட்டிமையைக் காட்டுவதில்லை. பெரிய கார், பட்டு அங்கி, கையில் சுருட்டு, மாடிப்படியில் இறங்கி வருவது, இதெல்லாம் ஆள் பணக்காரர் என்று மட்டும்தான் சொல்லும். பணக்காரர்களில் தங்கமான மனிதர்களும் உண்டு, சட்டைப் பையில் பத்துக் காசு இல்லாமலே ஊரையே கேவலமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. மேட்டிமைக்காரரின் அடையாளம் தரம் பிரிப்பது. அவர் வாய் திறந்தால் எதிரே இருப்பவர் ஏதோ ஒரு படியில் உட்கார வைக்கப்படுகிறார். வானிலை பற்றிப் பேசினாலும் சரி, நலம் விசாரித்தாலும் சரி. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் இதை வைத்துச் சோதிக்கலாம்: இந்த வரியில் யாராவது தங்கள் இடத்தில் வைக்கப்பட்டார்களா? இல்லையென்றால் அது வெறும் பணக்காரர் பேச்சு.

சரி, ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: ஆள் எங்கிருந்து வந்தவர் என்று முடிவு செய்யுங்கள்

வசனம் எழுதுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். பரம்பரைப் பணத்தில் பிறந்தவர், சொந்த முயற்சியில் ஏறி வந்தவர், சொத்தெல்லாம் போன பிறகும் தோரணையை விடாதவர், பெரிய வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழும் உறவினரோ உதவியாளரோ, இந்த நால்வரும் ஒரே மாதிரி பேசமாட்டார்கள். என் கணக்கில் நான்காவது ஆள்தான் எழுதுவதற்கு மிகச் சுவையானவர், ஏனென்றால் முதலாளியைவிட அவருக்குத்தான் வாசலில் நிற்பவனை விரட்டுவதில் ஆர்வம் அதிகம். தனக்கே உறுதியில்லாத இடத்தைக் காவல் காக்கிறவர் அவர்.

முக்கியமான வேறுபாடு முதல் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1960களில் நியூயார்க் நகரப் பேச்சை ஆராய்ந்தார். சொல்லின் கடைசியில் வரும் ‘ர்’ ஒலியைத் தெளிவாக உச்சரிப்பது அங்கே உயர்தட்டுக்கு அடையாளமாக இருந்தது. கவனமாகப் பேச வேண்டிய கட்டம் வந்தபோது, கீழ் நடுத்தர வர்க்கத்தினர் தங்களுக்கு மேலே இருந்தவர்களைவிடவும் அதிகமாக அந்த ‘ர்’ரை உச்சரித்தார்கள். தாண்டிக் குதித்துவிட்டார்கள். ஆலன் ராஸ் என்ற இன்னொரு மொழியியலாளர் 1954இல் இங்கிலாந்தின் மேல்தட்டுப் பேச்சைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இதற்குப் பக்கத்துச் சங்கதி ஒன்று வருகிறது: பல விஷயங்களில் மேல்தட்டினர் நேரடியான எளிய சொல்லையே புழங்கினார்கள், நாசூக்கான சொல்லைத் தேடிப் பிடித்தவர்கள் அவர்களுக்கு அடுத்த படியில் நின்றவர்கள்.

இதை அப்படியே வசனத்துக்குக் கொண்டுவரலாம். பிறவிப் பணக்காரர் “உக்காருங்க” என்பார். ஏறி வந்தவர் “தயவுசெய்து அமருங்கள்” என்பார். முன்னவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார், மீதியைப் புரிந்துகொள்வது மற்றவர்கள் வேலை. பின்னவர் வாக்கியத்தைக் கடைசிவரை திருத்தமாக முடிப்பார், இலக்கணம் தவறிவிட்டால் திருத்திக்கொண்டு மறுபடி சொல்வார். பரம்பரை ஆளின் வாயில் அலங்காரத் தமிழைத் திணிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ராஜா ராணி நாடகத்தின் மிச்சம் அது, விட்டுவிடலாம்.

படி 2: கையில் ஒரே ஒரு அளவுகோலைக் கொடுங்கள்

எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கிற ஆள் மேட்டிமைக்காரர் அல்ல, சிடுமூஞ்சி. உங்கள் பாத்திரம் மனிதர்களை எதை வைத்து அளக்கிறார்? குடும்பமா, படித்த இடமா, உச்சரிப்பா, ரசனையா, யாரோடெல்லாம் பழக்கம் என்பதா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உச்சரிப்பை வைத்து அளப்பவர் எதிரே இருப்பவர் கிழிசல் சட்டை போட்டிருந்தாலும் மன்னித்துவிடுவார், ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் அன்றோடு முடிந்தது. இந்தப் பாரபட்சம்தான் பாத்திரத்தை ஆளாக்குகிறது.

இவற்றில் கொடூரமானது ரசனைதான். அதற்கு எழுதிவைத்த விதி கிடையாது, விதி தெரியாதவர் தோற்றுக்கொண்டே இருப்பார். தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1899இலேயே இதைப் போட்டு உடைத்தார். பணத்தைச் செலவழித்துக் காட்டுவது ஒரு வழி என்றால், உழைத்துப் பிழைப்பவனுக்குக் கற்க நேரமே கிடைக்காத சங்கதிகளைக் கற்று வைத்திருப்பது இன்னொரு வழி. வழக்கொழிந்த மொழிகள், பந்தயக் குதிரை வளர்ப்பு என்றெல்லாம் அவர் பட்டியல் போகும். உங்கள் பாத்திரத்துக்கும் அப்படி ஏதாவது ஒரு ‘பயனற்ற’ அறிவைக் கொடுத்துப் பாருங்கள். அதை அவர் பெருமையாகச் சொல்லவே கூடாது, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற பாவனையில் போகிற போக்கில் சொல்லிவிட்டு, எதிராளிக்குத் தெரியவில்லை என்றதும் ஒரு நொடி நிறுத்தி, “அதனாலென்ன, விடுங்க” என்று சொல்ல வேண்டும்.

படி 3: பேச்சு

நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

முதலில், எதிராளியை எப்படி அழைக்கிறார்? ‘நீ, வா, போ’ என்று எழுதிவிடுவது சோம்பேறி வழி. நெருக்கமானவர்களையும் ‘நீ’ என்போம் என்பதால் அதில் ஒரு ஒட்டுதல் வந்துவிடும் ஆபத்தும் உண்டு. தமிழில் இதைவிடக் கூர்மையான கருவி ஒன்று கைவசம் இருக்கிறது: ‘நீ’யும் சொல்லாமல் ‘நீங்க’ளும் சொல்லாமல் தப்பிப்பது. “வந்து ரொம்ப நேரம் ஆச்சா?” “சாப்பாடெல்லாம் ஆச்சா?” “இப்ப வேலை எங்க?” மரியாதை கொடுத்ததாகவும் இல்லை, கொடுக்காததாகவும் இல்லை. எதிரே இருப்பவர் ஒரு முடிவு எடுக்கும் அளவுக்குக்கூட முக்கியமில்லை. அதற்கு அடுத்த கட்டம், ஆள் முன்னாலேயே நிற்கும்போது அவரைப் படர்க்கையில் பேசுவது. “இவர் ஏதாவது குடிப்பாரான்னு கேளு.” இந்த ஒரு வரிக்குப் பிறகு நீங்கள் எந்த வர்ணனையும் எழுத வேண்டாம்.

பெயரையும் பயன்படுத்தலாம். தப்பான பெயர் சொல்லி அழைப்பது பழைய உத்திதான், ஆனாலும் ஒரு சின்ன திருத்தத்தோடு இன்னும் வேலை செய்யும்: எதிராளி திருத்தியதும் அவர் “ஆமாம்ல” என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி அதே தப்பான பெயரைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடைச்சொற்கள். தமிழில் அவமானம் வினைச்சொல்லிலோ வசைச்சொல்லிலோ இருக்க வேண்டும் என்பதே இல்லை, ஒரு ‘கூட’, ஒரு ‘உம்’, ஒரு ‘தான்’, ஒரு ‘ஏ’ போதும். நன்னூல் ‘உம்’முக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது, அதில் சிறப்பு என்ற ஒன்றை உரைகாரர்கள் உயர்வு, இழிவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். உங்கள் பாத்திரம் இழிவுச் சிறப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நீங்ககூட இதெல்லாம் படிப்பீங்களா?”

“உங்களுக்கும் அழைப்பு வந்துச்சா? நல்லது.”

“நல்லாத்தான் இருக்கு.”

“பரவாயில்லையே, நீங்களே எழுதினதா?”

கடைசி வரியைப் பாருங்கள். எழுத்தில் அது பாராட்டு. எதிராளி வெளியே போய் யாரிடமும் புகார் சொல்ல முடியாது, ‘என்ன சொன்னார்’ என்று கேட்டால் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது. வலி மட்டும் இருக்கும். மேட்டிமை வசனத்துக்கு இதுதான் அளவு: திருப்பிச் சொன்னால் குற்றம் இல்லாத மாதிரி இருக்க வேண்டும்.

கட்டளைகள் விஷயத்தில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. அதிகாரம் உள்ளவர் ஏவல் வினையில் பேசுவார் என்று நினைக்கிறோம். “ஜன்னலை மூடு.” இது காவலாளியும் சொல்லலாம், அண்ணனும் சொல்லலாம். வீடு முழுக்க ஆட்கள் இருந்து பழகியவர் நிலவரத்தை மட்டும் அறிவிப்பார். “வெளிச்சம் கண்ல அடிக்குது.” யாரோ எழுந்து போய்த் திரையை இழுத்துவிடுவார்கள். யார் என்று அவர் பார்ப்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை, ஏனென்றால் அவர் எதையும் கேட்கவே இல்லையே.

பணத்தைப் பற்றிப் பேசும்போது பிறவிப் பணக்காரர் வாயில் எண் வராது. எவ்வளவுக்கு வாங்கியது, எத்தனை அறை, எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் ஏறி வந்தவரின் பேச்சு, அவருக்கு அந்த எண்கள் பதக்கங்கள். மற்றவர் “அதுவா, ரொம்ப நாளா வீட்ல கிடக்கு” என்பார். அந்தக் ‘கிடக்கு’ என்ற வினை எத்தனை கோடியையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். “யாரோ கொடுத்தது”, “தாத்தா எங்கேயோ பிடிச்சார்” என்ற ரகமும் இதில் சேர்த்தி.

பெரிய மனிதர்களின் பெயரை உதிர்ப்பதிலும் இதே கணக்குதான். பதவியும் பட்டமும் சேர்த்து முழுப் பெயரைச் சொல்கிறவருக்கு அந்தப் பெரிய மனிதரைத் தூரத்தில்தான் தெரியும். “அவனா? சின்ன வயசுல எங்க தோட்டத்துலதான் சுத்திட்டு இருப்பான்” என்கிறவர் விஷயமே வேறு.

ஆங்கிலக் கலப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓ மை காட், டிஸ்கஸ்டிங் என்று வசனத்தில் தெளித்துவிட்டால் பெரிய இடம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நகைச்சுவைக் காட்சிக்குச் சரி. மற்ற இடங்களில், எப்போது மொழி மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அறையில் இருக்கும் ஒருவருக்குப் புரியக் கூடாது என்பதற்காக மாறுகிறதா? சமமானவர் உள்ளே வந்ததும் மாறுகிறதா? வேலை செய்பவரிடம் பேசும்போது மட்டும் தமிழ் வருகிறதா? மொழி மாறும் அந்த முனையில்தான் கத்தி இருக்கிறது. அந்த முனை தெரிந்தால் ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டே போதும்.

கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேவையில்லை. “எங்க படிச்சீங்க?” என்று கேட்பார், பதில் வரும், “ஓ” என்பார், வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்த ‘ஓ’வுக்குப் பின் எதையும் சேர்க்காதீர்கள்.

படி 4: குரல்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சத்தம் குறைவு. மற்றவர்கள் குனிந்து காது கொடுக்க வேண்டிய அளவுக்குக் குறைவு. வேகமும் குறைவு, ஏனென்றால் நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வார், அதுவரை எல்லோரும் காத்திருப்பார்கள். ஏறி வந்தவர் அப்படி நிறுத்த மாட்டார், இடைவெளி விட்டால் பேச்சு கை நழுவிப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. சிரிப்பு மூக்கு வழியாக, ஒரே ஒரு மூச்சளவு. இழுத்து இழுத்துப் பேசுவது பலருக்குப் பிடித்தமான உத்தி, ஒரு காட்சியில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

படி 5: உடம்பு

நாடகப் பயிற்சியாளர் கீத் ஜான்ஸ்டன் 1979இல் வெளிவந்த தன் புத்தகத்தில், மேடையில் யார் மேலே யார் கீழே என்பதைக் காட்டும் உடல் மொழியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதில் ஒன்று, பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பது. சும்மா செய்து பாருங்கள். ஏதாவது ஒரு வரியை வழக்கம்போலத் தலையாட்டிச் சொல்லுங்கள், அப்புறம் அதே வரியைத் தலை துளியும் அசையாமல் சொல்லுங்கள். ஆளே மாறிவிடும். முகத்தைத் தொடுவது, முடியைச் சரிசெய்வது, இருக்கையில் நெளிவது இதெல்லாம் ஆளைக் கீழே இறக்கும்.

ஆனால் அசையாமல் இருந்தால் மட்டும் போதாது, அது யாரையும் சிலையாக்கும். இந்த உடம்பின் உண்மையான குணம் எதையும் சரிபார்க்காமல் இருப்பது. வெளியிலிருந்து வருகிறார், குடையை மடித்துப் பக்கத்தில் நீட்டுகிறார், கையை எடுத்துவிடுகிறார். பிடிக்க ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. குடை தரையில் விழுவதில்லை, ஏனென்றால் அவர் வாழ்க்கையில் ஒருநாளும் விழுந்ததில்லை. உட்காரும்போது நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதில்லை. கதவுக்கு முன்னால் வேகம் குறைப்பதில்லை. முகவரி அட்டையை நீட்டினால் வாங்கிக்கொள்வார், படிக்காமல் பின்னால் நீட்டிவிடுவார். நடிப்பவர்கள் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஒத்திகையில் நிஜமாகவே பார்க்காமல் பொருளை விட்டுப் பழக வேண்டும், பிடிக்கிற நடிகருக்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

கண்ணைப் பற்றி இரண்டு விஷயம். தனக்குக் கீழே என்று முடிவு செய்தவரை அவர் முறைக்க மாட்டார், முறைப்பது மதிப்பதில் சேர்த்தி. பார்வை அவர் மேல் பட்டு, நிற்காமல், பின்னால் இருக்கும் சுவருக்குப் போய்விடும். புதிதாக ஒருவர் வந்தால் மட்டும் மேலிருந்து கீழே ஒரு வேகமான பார்வை, மணிக்கட்டில் ஒரு கணம், காலணியில் ஒரு கணம், அப்புறம் முகம். இந்த அளக்கிற பார்வை ஏறி வந்தவரிடம் கொஞ்சம் நீளமாகவே தங்கும், விலை போட்டுப் பார்க்கிறார்.

மூக்கைச் சுளிப்பது, கைக்குட்டையால் மூக்கை மூடுவது, விரல் நுனியால் பொருளைத் தூக்குவது, சுண்டுவிரலை நீட்டிக் கோப்பை பிடிப்பது போன்றவற்றைக் கேலிச்சித்திரத்துக்கு விட்டுவிடுங்கள்.

படி 6: மற்றவர்களை நடிக்க விடுங்கள்

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ராஜா என்று நமக்குத் தெரிவதே மற்றவர்கள் எழுந்து நிற்பதால்தான். உங்கள் பாத்திரம் அறைக்குள் வருவதற்கு முன்பே அந்த அறையை மாற்றுங்கள். சிரித்துக்கொண்டிருந்த இருவர் குரலைத் தாழ்த்துகிறார்கள், ஒருவர் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொள்கிறார், நாற்காலியில் இருந்த செய்தித்தாளை ஒருவர் அவசரமாக எடுக்கிறார். வந்தவர் எதையும் கவனிக்கவில்லை. தான் இல்லாதபோது அறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அதேபோல அவர் சொன்ன அசட்டு நகைச்சுவைக்கு யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். சிரிக்காத ஒருவரையும் வையுங்கள், கதைக்கு அவர் தேவைப்படுவார்.

படி 7: மூன்று படிகளில் நிறுத்திப் பாருங்கள்

கீழே இருப்பவர்களிடம் மட்டும் காட்டினால் பாத்திரம் தட்டையாகிவிடும். குறைந்தது ஒருமுறை தனக்குச் சமமானவரோடும், ஒருமுறை தன்னைவிட உயர்ந்தவர் என்று அவரே நினைக்கும் ஒருவரோடும் நிறுத்துங்கள். பிறரை அளக்கிறவர் தன்னையும் அதே அளவுகோலால் விடாமல் அளந்துகொண்டுதான் இருக்கிறார், மேலே ஒருவர் வந்ததும் அது வெளியே தெரிந்துவிடும். அதுவரை அசையாத தலை இப்போது ஆடத் தொடங்கும். வாக்கியங்கள் நீளும். கேட்காத விளக்கங்களைச் சொல்வார். மிக முக்கியமாக, தன் வீட்டு ஆட்களிடம் அந்த ஐந்து நிமிடம் மட்டும் அன்பாகப் பேசுவார், அல்லது வழக்கத்தைவிடக் கடுமையாகப் பேசுவார். இரண்டில் எது என்பது உங்கள் ஆளைப் பொறுத்தது. இந்தக் காட்சியை எழுதிய பிறகு முந்தைய காட்சிகளுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், வசனங்கள் பலவற்றைத் திருத்தத் தோன்றும்.

சமமானவரோடு பேச்சு எப்படி? வேகமாக, பாதி வாக்கியங்களில், வெளியாளுக்குப் புரியாத குறிப்புகளோடு. அங்கே அவர் நகைச்சுவைக்காரராகவும் கனிவானவராகவும் இருக்கலாம். இருந்தால் இன்னும் நல்லது, இப்படியும் பேசத் தெரிந்தவர்தான் நம்மிடம் அப்படிப் பேசினார் என்று வாசகருக்கு உறைக்கும்.

படி 8: எங்கே உடைவார்?

ஏறி வந்தவர் கோபத்தில் பழைய பேச்சுக்குத் திரும்புவார். கவனமாகச் சேர்த்து வைத்த உச்சரிப்பெல்லாம் போய், பிறந்த தெருவின் ஒரு சொல் வாயில் வந்து விழும், வந்த மறுகணமே யாராவது கேட்டார்களா என்று கண் சுற்றும். பிறவிப் பணக்காரர் உடைந்தால் இதற்கு நேர்மாறு, மரியாதை கூடும். அதுவரை பெயர் சொல்லாமல் பேசியவர் திடீரென்று முழுப் பெயரும் ‘அவர்களே’யும் சேர்த்துப் பேசத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் நடுங்குவார்கள். சொத்தை இழந்தவருக்கோ உடைவே கிடையாது, அவரிடம் மிச்சம் இருப்பது அந்தத் தோரணை ஒன்றுதான். அவர் உடையும் காட்சியை எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும், அதனால் தள்ளிப்போடுங்கள்.

படி 9: எல்லாவற்றையும் ஒரு காட்சியில்

வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித்தர ஓர் இளைஞர் வருகிறார். வீட்டு அம்மையார் அவரைப் பார்க்கிறார். முதல் வரைவு வழக்கமாக இப்படி வரும்:

அம்மையார் கால்மேல் கால் போட்டு ஆணவத்தோடு அமர்ந்திருந்தார். அவனை ஏளனமாகப் பார்த்து, “நீதான் பாடம் நடத்த வந்தவனா? உன் சட்டையைப் பார்த்தாலே தெரியுது. எங்க அந்தஸ்து என்னன்னு தெரியுமா? என் பொண்ணோட பள்ளிக் கட்டணம் உன் ஒரு வருஷச் சம்பளம்!” என்றார்.

ஆணவம், ஏளனம் என்று கதைசொல்லியே தீர்ப்புச் சொல்லிவிட்டார், வாசகருக்கு வேலை இல்லை. மாற்றி எழுதினால்:

அவர் உள்ளே வந்தபோது அம்மையார் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“உக்காரலாமே.”

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“அதுல வேண்டாம்.” குரலில் கோபம் எதுவும் இல்லை. “அந்த நாற்காலி உங்களுக்கு வசதியா இருக்கும்.”

எழுந்து மாறி உட்கார்ந்தார்.

“எங்க படிச்சதாச் சொன்னீங்க?”

சொன்னார்.

“ஓ. அங்ககூட இப்ப கணக்கு இருக்கா?”

“நான் அங்க தங்கப் பதக்கம் வாங்கினேன், மேடம்.”

“வாங்கியிருப்பீங்க.” புன்னகைத்தார். “பாப்பாவுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். பரீட்சையைத் தாண்டணும், அவ்வளவுதான். அதுக்கு நீங்களே போதும்.”

ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். அம்மையார் திரும்பாமலே, “அவருக்கு” என்றார்.

திட்டு ஒன்றுகூட இல்லை. ‘நீங்க’ என்றுதான் பேசுகிறார், நாற்காலியின் வசதியைப் பற்றிக்கூடக் கவலைப்படுகிறார். சோபாவிலிருந்து நாற்காலிக்கு மாறிய அந்த ஒரு செய்கையிலேயே இளைஞரின் படி முடிவாகிவிட்டது, ‘அங்ககூட’வும் ‘நீங்களே போதும்’மும் அதற்கு முத்திரை குத்துகின்றன. “வாங்கியிருப்பீங்க” என்ற சொல்லைத்தான் நான் இதில் அதிகம் நம்புவேன். பதக்கத்தை மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை, நடந்திருக்கலாம் என்ற அளவில் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்.

இதே காட்சியில் அம்மையார் ஏறி வந்தவர் என்று வைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். கடிதத்தை அவர் படித்துக்கொண்டிருக்க மாட்டார், படிப்பதுபோலக் காட்டிக்கொண்டிருப்பார். சோபா என்ன விலை என்பது எப்படியாவது பேச்சில் வந்துவிடும். தங்கப் பதக்கம் என்றதும் அவர் முகம் ஒரு கணம் மாறும், ஏனென்றால் அது அவருக்கு உண்மையிலேயே உறைக்கிறது.

படி 10: பாதியை வெட்டுங்கள்

எழுதி முடித்ததும் பாத்திரத்துக்குக் கொடுத்த அங்க சேஷ்டைகளையெல்லாம் எண்ணுங்கள். காட்சிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. திரும்பத் திரும்ப வருவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரட்டும். மூன்றாவது காட்சியிலும் அதே மாதிரி குடையை நீட்டினால் வாசகர் கொட்டாவி விடுவார், ஆனால் அந்தக் காட்சியில் பிடிக்க வேண்டிய ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

கதைசொல்லியின் நடையில் ‘திமிராக’, ‘அலட்சியமாக’, ‘இளக்காரமாக’ என்று வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, வசனம் அது இல்லாமலும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் வசனத்தைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம் வேறு யாரையாவது விட்டு, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், அந்த வரிகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படித் தட்டையாக வாசிக்கும்போதும் எந்த வரிகள் சுருக்கென்று குத்துகின்றனவோ அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், நடிகரின் முகச்சுளிப்பை நம்பி நிற்கிறவற்றைத் தூக்கிவிடுங்கள்.